வேலியோரக் கல்லறைகள்

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவரின் உடல் நம் ஊர்களில் இருமுறை ஆய்வுக்கு உட்படுகின்றது. முதல் ஆய்வு அரசு மருத்துவமனையில் நடைபெறும். சட்டம் கேட்கும் ஆய்வு அது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாம் ஆய்வு திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கோவில் முற்றத்திலும் நடைபெறும். அதற்குக் கால வரையறை இல்லை. இறந்தவரின் கடன், காதல், குடி, குடும்பச் சண்டை, மனைவியின் நடத்தை, பிள்ளைகளின் வளர்ப்பு என ஒன்றையும் விடாமல் அறுத்துப் பார்ப்பார்கள். முடிவில் ஒரு தீர்ப்பும் வழங்கப்படும்: 'ஆத்துமம் கரையேறாது.'

இத்தீர்ப்பின் விளைவுகள் நம் கல்லறைத் தோட்டங்களில் தெரிகின்றன. துக்கமணி அடிக்க வேண்டாம் என்று தடுப்பவர்கள் சில பங்குகளில் இன்றும் உளர். உடலைக் கோவிலுக்குள் கொண்டுவரலாகாது என்பர். குடும்பத்தாரின் கல்லறை அருகே இடம் இருந்தும் வேலியோரத்தில் குழி வெட்டச் சொல்வர். பங்குத்தந்தை ஒப்புக்கொண்டாலும் ஊர்ப் பெரியவர் சிலர் ஒப்புவதில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கருத்து எழுதக் கொடுக்க வரும் தாய், தன் மகனின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். பெற்ற பிள்ளையின் பெயரை ஆண்டவரின் இல்லத்திலேயே உரக்கச் சொல்ல முடியாத நிலைக்கு ஒரு தாயை ஆளாக்குவது எந்த நற்செய்தி என்று வினவுகின்றோம்.

விசுவாச வைராக்கியத்தால் இவ்வாறு செய்வதாகச் சொல்வோர் உண்டு. அவர்கள் விசுவாசத்தின் பெயரால் செய்வதைத் திருச்சபை செய்யச் சொல்லவில்லை என்பதையும், ஒரு மனிதரை அவருடைய கடைசி நிமிடத்தை மட்டுமே கொண்டு அளப்பது இரக்கமும் ஆகாது, அறிவும் ஆகாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சபை சொல்வது என்ன?

தற்கொலை செய்துகொண்டவர்க்குத் திருச்சபையின் நல்லடக்கச் சடங்கு மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது உண்மையே. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அவ்வாறே விதித்தது. ஆனால் அச்சட்டமுங்கூட 'நன்கு எண்ணித் துணிந்து' அச்செயலைச் செய்தவரையே குறித்தது. சாகுமுன் மனம் வருந்தியதற்கு அடையாளம் காட்டியவரை விலக்கியது. நம் ஊரார் அந்த அடைமொழியை மறந்துவிட்டுத் தண்டனையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர்.

1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புதிய சட்டத் தொகுப்பை வெளியிட்டார். நல்லடக்கம் யார் யார்க்கு மறுக்கப்படலாம் என அதன் 1184-ஆம் எண் பட்டியலிடுகின்றது. தற்கொலை செய்துகொண்டவர் என்னும் சொல்லே அப்பட்டியலில் இல்லை. மற்றவர்கள் குறித்து ஐயம் எழுந்தாலும் மறைமாவட்ட ஆயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்றே அது கூறுகிறது. ஊர்க்கூட்டத்துக்கோ உபதேசியாருக்கோ தேநீர்க் கடைக்கோ அந்த அதிகாரத்தை அது அளிக்கவில்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உயிர் இறைவனின் கொடை, நாம் அதன் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்னும் படிப்பினையில் அது சிறிதும் தளரவில்லை. அதே மூச்சில், கடுமையான மனக்குலைவும் தாங்கொணா வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனச் சொல்லுகிறது. அவ்வாறு இறந்தவர்களின் நிலைவாழ்வு குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது. மனம் மாறும் வாய்ப்பை இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு அருளக்கூடும். திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்பன அதன் 2280 முதல் 2283 வரையிலான எண்களின் சாரம்.

சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. உரோமை திறந்துவிட்ட கதவை வேலியோரத்தில் நின்று இழுத்துச் சாத்துகின்றவர்கள், தாங்கள் யாருடைய சட்டத்தைக் காக்கின்றார்கள் என்று சிந்திக்க வேண்டாமா?

மறந்துபோன மறைக்கல்வி

புதுநன்மை வாங்கத் தயாராகும் சிறுவனைக் கேளுங்கள். சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு என்பான்: கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. பத்து வயதுப் பிள்ளை மனப்பாடமாய்ச் சொல்லும் இப்பாடத்தை, ஐம்பது வயதுப் பெரியவர் சாவு வீட்டு வாசலில் நின்று மறந்துவிடுகின்றார். விஷயம் கனமானது என்பதை அவர் அறிவார். அறிவும் சம்மதமும் முழுமையாய் இருந்தனவா என்பதை அவர் எங்ஙனம் அறிந்தார்? மாதக்கணக்கில் உறக்கம் இழந்து, உணவு வெறுத்து, தான் எல்லோர்க்கும் சுமை என்னும் ஒரே எண்ணம் மூளையைக் குடைய, வேறு வழி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமற்போன நெஞ்சின் உள்ளே நுழைந்து பார்த்து வந்தவரா அவர்?

மனச்சோர்வு என்பது ஒரு நோய். நீரிழிவு கணையத்தைப் பற்றுவதுபோல் இந்நோய் எண்ணத்தையும் உணர்வையும் பற்றுகின்றது. நீரிழிவால் கால் இழந்தவரை நோக்கி 'விசுவாசம் போதாது' என்று எவரும் சொல்வதில்லை. மனநோயால் உயிர் இழந்தவரைப் பற்றி மட்டும் அச்சொல் கூசாமல் வருகின்றது.

தற்கொலையைக் கல்நெஞ்சரின் திட்டமிட்ட கலகம் என்று எண்ணுவோர் இலங்கையின் அனுபவத்தைப் பார்க்கட்டும். 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாய் அது இருந்தது. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிக்கொல்லிகளை அந்நாட்டு அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அங்கே வறுமை ஒழிந்துவிடவில்லை. போரும் ஆழிப்பேரலையும் அக்காலத்தில் தான் வந்துபோயின. இதிலிருந்து நாம் அறிவது என்ன? உயிரை விட நினைக்கும் எண்ணம் பலருக்குப் புயல்போல் வந்து புயல்போல் கடந்து செல்வது. அந்தச் சில மணி நேரம் உயிர் பிழைக்க வழி இருந்தால் மனிதர் வாழவே விரும்புகின்றார். உறுதியாய்த் தீர்மானித்த மனத்தின் செயலாய் எல்லாச் சாவும் இருந்திருப்பின், ஒரு நச்சுப் பொருளைக் கடையிலிருந்து அகற்றுவதால் இத்தனை உயிர் தப்பியிருக்குமா?

தமிழகத்திலும் இத்தகைய அறிவு சில இடங்களில் வேலை செய்திருக்கின்றது. பள்ளி இறுதித் தேர்வில் தவறிய பிள்ளைகள் ஓர் ஆண்டையே இழக்க வேண்டியிருந்த நிலை மாற்றப்பட்டு, சில வாரங்களில் துணைத்தேர்வு எழுத வழி செய்யப்பட்டது. 'எல்லாம் முடிந்தது' என்று நினைத்த பிள்ளைக்கு 'இன்னும் சில வாரம் பொறு' என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது. இரக்கம் அறிவோடு சேரும்போது அது ஓர் அரசாணையின் வடிவிலும் வரக்கூடும்.

எதிர்வாதம் ஒன்று

'இவ்வாறெல்லாம் இரக்கம் காட்டினால் மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிடாதா? கடுமைதானே தடுப்பு?' என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆதலின் மறுமொழி கூறுவோம்.

செயலைப் புகழ்வது வேறு. மனிதரை மதிப்பது வேறு. இறந்தவரை வீரராக்கிச் சுவரொட்டி ஒட்டுவதையும், சாவின் விவரங்களை நாளிதழில் படம்பிடித்தாற்போல் எழுதுவதையும் நாமும் கண்டிக்கின்றோம். அவை நலிந்த உள்ளங்களுக்குத் தீங்கு செய்யும் என மருத்துவர்கள் எச்சரிப்பது சரியே. ஆனால் பாஸ்காத் திரியை ஏற்றி, திருமுழுக்கை நினைவூட்டும் தீர்த்தம் தெளித்து, 'ஆண்டவரே, இவர் உம்முடையவர்' என்று மன்றாடுவது புகழ்ச்சி அன்று. அது இரந்து கேட்பது.

கடுமை தடுப்பாகும் என்பதற்கு என்ன சான்று? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களுள் இரண்டாம் இடம். நாளொன்றுக்கு ஐம்பதுக்கு மேல்! இத்தனைக்கும் பழிச்சொல்லுக்கு நம் நாட்டில் பஞ்சம் இருந்ததில்லை. பழிச்சொல் செய்த ஒரே வேலை, துன்புறுவோரின் வாயை அடைத்தது. 'சாகலாம் போலிருக்கிறது' என்று ஒரு பெண் அன்பியக் கூட்டத்தில் சொன்னால், 'அப்படிப் பேசுவதே பாவம்' என்று அடக்குகின்றோமேயன்றி, 'என்னம்மா ஆயிற்று, உட்கார்ந்து சொல்' என்பார் அரியர். பேச இடமின்றிப் போன துயரந்தான் பிறகு பேசாமலே முடிந்துவிடுகின்றது.

அரசின் சட்டமே திருந்திவிட்டது. 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அவர் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே முதலில் கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறியது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், பிழைத்தவர் எவரையும் குற்றவாளியாக்கிய அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. சிலுவையை உச்சியில் தாங்கிய கோவிலின் நிழலில் வாழும் நாம், காவல் நிலையத்தைக் காட்டிலும் கடின நெஞ்சராய் இருக்கலாமா?

புனிதர்களும் சாவை வேண்டினர்

'விசுவாசம் உள்ளவனுக்கு இந்த எண்ணமே வராது' என்பது மற்றொரு வாதம். இவ்வாறு சொல்பவர் விவிலியத்தைத் திறந்து பார்க்கட்டும். மோசே தம்மைக் கொன்றுவிடுமாறு ஆண்டவரைக் கேட்டார் (எண் 11). எரேமியா தாம் பிறந்த நாளைச் சபித்தார் (எரே 20). யோபுவும் அங்ஙனமே செய்தார் (யோபு 3). யோனா, வாழ்வதினும் சாவது நலம் என்றார் (யோனா 4).

எலியாவின் கதை நம் கவனத்துக்கு மிகவும் உரியது (1 அர 19). கர்மேல் மலையில் விண்ணிலிருந்து நெருப்பை வரவழைத்தவர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிப் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, 'போதும்' எனச் சாவை வேண்டுகின்றார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? விசுவாசக் குறைவு என்று மறையுரை நிகழ்த்தினாரா? முதலில் உறங்கவிட்டார். பின் வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் குவளைத் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன்பின்னரே பயணம், அதன்பின்னரே ஓரேபு மலையில் உரையாடல். களைத்த மனிதருக்கு முதலில் வேண்டியது உறக்கமும் உணவும் தொடும் கையுமே என்பதை இறைவன் அறிந்திருந்தார். அறிவோடு கூடிய இரக்கம் என்பது இதுவே.

இந்த அறிவு இல்லாத இரக்கமும் நம்மிடையே உண்டு. மனச்சோர்வுற்ற பிள்ளையைப் பேய் பிடித்தது என்று திருத்தலம் திருத்தலமாய் அழைத்துச் செல்லும் பெற்றோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. வேண்டுதல் வீண் என்றும் சொல்லோம். ஆயினும் மருத்துவரிடம் செல்லாமல் திருத்தலத்துக்கு மட்டும் செல்வது, அப்பத்தைத் தள்ளிவிட்டு வானதூதரை மட்டும் கேட்பதற்கு ஒப்பாகும். மருத்துவரையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் (அதிகாரம் 38) நமக்குக் கற்பிக்கவில்லையா?

ஒரு பணிப்பெண்ணின் நாக்கு

தோபித்து நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் தனிமையில் வாசிக்குமாறு வேண்டுகின்றோம். எக்பத்தானா நகரில் சாரா என்றொரு பெண். ஏழு முறை மணம் முடித்தும் எழுவரும் முதலிரவிலேயே மாண்டனர். அக்கொடுமையைத் தாங்கிக்கொண்டு அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள். சாவை நோக்கி அவளைத் தள்ளியது எது? தந்தை வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் பழிச்சொல்! 'நீயே உன் கணவர்களைக் கொன்றவள்' என்னும் பொருள்பட அவள் பேசிய அன்றுதான் சாரா மாடியறைக்குச் சென்று சாக நினைத்தாள். தன் சாவால் தந்தைக்கு நேரும் அவமானத்தை எண்ணி அதைக் கைவிட்டாள். சாளரத்தருகே நின்று மன்றாடினாள். ஆண்டவர் இரபேலை அனுப்பினார்.

அந்தப் பணிப்பெண்ணுக்கு விவிலியம் பெயர்கூடத் தரவில்லை. நம் தெருக்களில் அவளுக்குப் பல பெயர்கள் உண்டு. மணமாகிப் பத்தாண்டு ஆகியும் குழந்தை இல்லாதவளை விழாக் கூட்டத்தில் வைத்து விசாரிக்கும் நாக்கு. கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு வந்த மகளை 'பொறுத்துப் போ' என்று திருப்பி அனுப்பும் நாக்கு. வேறு சாதியில் காதலித்த இளைஞனை ஊர் நடுவே நிறுத்திக் கேட்கும் நாக்கு. தேர்வில் தவறிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் நாக்கு. வட்டி கட்டத் தவறியவரைத் தெருவில் நின்று ஏசும் நாக்கு. 2022-ஆம் ஆண்டின் கணக்கில் குடும்பச் சிக்கல்களே முதற்காரணம்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அடுத்த காரணம் நோய். மாண்டவர்களில் நால்வருள் ஒருவர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர். உயிரோடிருக்கையில் வறுமையும் வசையும் விரட்டிய மனிதரை, இறந்த பின்னும் வேலியோரத்துக்கு விரட்டுவது இரண்டாம் முறை கல்லெறிவதாகும்.

'யூதாசும் அப்படித்தானே மாண்டான்?' என்று கேட்பார் இறுதி அம்பை எய்வார். திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என அறிவித்துள்ளது. இன்னார் நரகில் இருக்கின்றார் என்று ஒருவரைக்கூட, யூதாசையுங்கூட, அறிவித்ததில்லை. பிரான்சு நாட்டின் வெசலே நகரில் புனித மகதலா மரியாவின் பழைமையான பேராலயம் உள்ளது. அங்கே ஒரு தூணின் தலைப்பில் ஒருபுறம் யூதாசின் சாவும், மறுபுறம் அவன் உடலைத் தோளில் சுமந்து செல்லும் ஒருவரும் செதுக்கப்பட்டுள்ளனர். சுமப்பவர் நல்ல ஆயரே எனத் திருத்தந்தை பிரான்சிசு அதற்குப் பொருள் கண்டு, பலமுறை அதைச் சுட்டிப் பேசினார். ஆர்சு நகர்ப் பங்குத்தந்தை புனித யோவான் மரிய வியான்னி, ஆற்றில் உயிர் மாய்த்த கணவனை எண்ணிக் கதறிய கைம்பெண்ணிடம், பாலத்துக்கும் நீருக்கும் இடைப்பட்ட நேரம் அவர் மனம் வருந்தப் போதுமானதாய் இருந்தது எனக் கூறித் தேற்றியதாய் அவர் வரலாறு உரைக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வாழ்நாளைக் கழித்த அவரை விடவா திண்ணைப் பெரியவர்கள் பாவத்தைப் பற்றி அறிவர்?

பிலிப்பி நகரின் குரல்

நள்ளிரவில் பிலிப்பி நகர்ச் சிறையின் கதவுகள் நிலநடுக்கத்தால் திறந்துகொண்டன (திப 16). கைதிகள் தப்பிவிட்டனர் என எண்ணிய சிறைக்காவலர் வாளை உருவித் தம்மை மாய்த்துக்கொள்ள முற்பட்டார். முந்திய பகலில் அடிபட்டு, அந்தக் காவலராலேயே தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தவர் பவுல். தப்பிச் செல்ல அதைவிட நல்ல வேளை வாய்த்திராது. அவரோ இருளுக்குள்ளிருந்து உரத்த குரலில் கூவினார்: தீங்கு செய்துகொள்ள வேண்டாம், நாங்கள் எல்லாரும் இங்கேயே இருக்கின்றோம் என்றார். அந்த இரவே அக்காவலர் அவர்களுடைய காயங்களைக் கழுவினார். குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார்.

சாவின் விளிம்பில் நிற்கும் மனிதருக்குத் திருச்சபை சொல்லத்தக்க மறுமொழி பவுலின் அந்த ஒற்றை வரியில் அடங்கியுள்ளது. அங்கே பழியும் இல்லை, விசாரணையும் இல்லை. 'இருக்கின்றோம்' என்னும் உறுதி மட்டுமே உண்டு. அதைக் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது, முணுமுணுத்தால் கேட்டிராது.

ஆகவே பங்குப் பேரவைகளின் முன்பும் அன்பியங்களின் முன்பும் சிலவற்றை வைக்கின்றோம். இனி எவர் இறந்தாலும் மணி ஒலிக்கட்டும். உடல் கோவிலின் நடுவாயில் வழியே வரட்டும். குழி குடும்பத்தாரின் அருகே வெட்டப்படட்டும். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகள் மந்திரிக்கப்படும்போது வேலியோரக் கல்லறைகளிலும் மெழுகுதிரி எரியட்டும். அங்கே தீர்த்தம் முதலில் தெளிக்கப்படட்டும். துக்க வீட்டில் 'ஏன்?' என்னும் கேள்வியை எவரும் கேளாதிருக்கட்டும். சோறு கொண்டு போகட்டும், முப்பது நாளுக்குப் பின்னும் போகட்டும். முயன்று பிழைத்தவரைக் காட்சிப்பொருள் ஆக்காமல் பாடற்குழுவிலும் பந்தியிலும் பழைய இடத்தில் அமர்த்தட்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்கு முதலில் செல்லட்டும். வாழ வெறுப்பாய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' சேவையும், தமிழகத்தில் 104 என்னும் எண்ணும் கட்டணமின்றி மனநல உதவி தருகின்றன. திருப்பலி நேரங்கள் எழுதப்பட்ட பலகையில் அவ்விரு எண்களையும் எழுதி வைக்க எந்த ஆயரின் அனுமதியும் தேவைப்படாது.

இதை வாசிப்போருள் அந்த எண்ணத்தால் வதைபடுவோர் எவரேனும் இருந்தால் உங்களுக்கும் ஒரு சொல்: நீங்கள் சுமை அல்லர். உங்கள் எண்ணம் உங்களைத் தீயவராக்கவில்லை. அது உங்கள் களைப்பின் குரல். இன்றே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

இறந்தோரைத் தீர்ப்பிட வருபவர் ஒருவரே. அவருடைய கைகளிலும் காயங்கள் உள்ளன. அவரையும் நகருக்கு வெளியேதான் கொன்றார்கள். அவர் வரும் நாளில் வேலியோரத்தில் கிடப்பவர்களைப் பற்றி நம்மிடம் கணக்குக் கேட்பார். அதற்குமுன் அந்த வேலியைப் பிடுங்கி எறிவோம்.